சிவப்பு, சிவப்பு, வெள்ளை

இடுப்புப் பையை அவிழ்க்கக்கூட நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தாள் மேனகா. பை நிறையக் காப்பிப் பழம். எட்டு வைக்கும்போதெல்லாம் தொடையில் மோதிப் பின்னுக்கு இழுத்தது. செடிகளின் ஈரக் கிளைகள் முகத்தில் அறைந்தன. பத்தடிக்கு அப்பால் எல்லாமே வெள்ளைப் பனி.

"தொட்டியப் பாருங்க! மொதல்ல தொட்டியப் பாருங்க!"

மேட்டிலிருந்து யாரோ அலறினார்கள். அந்த வார்த்தைதான் அவளை ஓட வைத்தது. ஹரிணியைக் காணோம் என்று கேட்டபோது கால் மரத்துப்போய் நின்றிருந்தாள். தொட்டி என்று கேட்டதும் பறந்துவிட்டாள்.

ஹரிணி அவளுடைய ஒரே மகள். நாலரை வயது. கொண்டைப்பாறை எஸ்டேட் பால்வாடியில் மத்தியானச் சோறு போட்டுப் படுக்க வைத்த பிள்ளைகள் பன்னிரண்டு. எழுப்பும்போது பாயில் இருந்தது பதினொன்றுதான்.

காப்பிப் பழம் அலசுகிற தொட்டி எட்டடி ஆழம். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் கமலக்கண்ணன் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, விளிம்பில் மண்டியிட்டு, மூங்கில் கழியால் துழாவிக்கொண்டிருந்தார். பழத்தோல் மிதக்கும் பழுப்புத் தண்ணீர். புளித்த வாடை.

"தட்டுப்படுதுங்களா?"

"ஒண்ணும் தட்டுப்படல. நீ கிட்ட வராத மேனகா. யாராவது அவளப் புடிங்க!"

இரண்டு பெண்கள் பிடிப்பதற்குள் அவள் ஒரு காலைத் தண்ணீரில் வைத்துவிட்டாள். இழுத்துப் போட்டார்கள். பை சரிந்து பழமெல்லாம் சிமெண்டுத் தரையில் உருண்டது.

"அங்க தேட வேண்டாமுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். பால்வாடி சுகுணா டீச்சர். மூச்சு வாங்க நின்றாள். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது.

"ஹரிணி தொட்டிக்கு வந்திருக்காதுங்க."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" ரைட்டர் கழியை ஓங்குவதுபோல் எழுந்தார். "புள்ளையத் தொலைச்சுப்போட்டு ஜோசியம் சொல்றீங்களா?"

"ஆணியில அதோட பை இல்லீங்க சார். பழமும் கல்லும் போட்டு வெச்சிருக்கிற பை. தூங்கற மாதிரி கண்ண மூடிக் கெடந்துட்டு, எடுத்துட்டு விளையாடப் போயிருக்குது."

ரைட்டருக்கு ஒன்றும் புரியவில்லை. மேனகாவுக்கு உடனே புரிந்தது. கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"மரத்துக்கு, டீச்சர்?"

"மரத்துக்குத்தானுங்க. வாங்க."

*

சுகுணா அந்த எஸ்டேட்டுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. சேலத்துப் பெண். வந்த முதல் வாரமே தாய்மார்கள் கொதித்துப்போனார்கள். சிலேட்டு இல்லை. ஒண்ணு ரெண்டு ஒப்பிப்பது இல்லை. அவரைக்கொட்டை, துவரை, காப்பிக்கொட்டை மூன்றையும் கலந்து கொட்டி, இனம் பிரி என்றாள். நாலு படத்தை வைத்து, இதில் சேராதது எது, ஏன் சேரவில்லை என்றாள். "சிவப்பு ஊடு, வெள்ளை ஊடு, பச்சை ஊடு. சிவப்பு ஊட்டுல பூனை இல்ல. பச்சை ஊட்டுல நாய் இருக்குது. அப்பப் பூனை எங்க?" என்று கேட்டுவிட்டு, பிள்ளைகளின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"கணக்குச் சொல்லித் தருவீங்கன்னு அனுப்புனா, பூனையத் தேட உடறீங்களே டீச்சர்?" என்று மேனகாவே ஒரு நாள் கேட்டாள்.

"இதுதானுங்க கணக்கு. எண்ணு தானா வரும். இது இல்லீன்னா அதுன்னு மொதல்ல யோசிக்கத் தெரியோணும்."

"நமக்கு யோசிக்கத் தெரியாதுன்னு சொல்றாங்கடி" என்று ஆயா அத்தாயி பின்னாலிருந்து சொன்னதும், பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். சுகுணாவும் சிரித்தாள்.

ஒரே மாதம். வீட்டில் ஹரிணி செருப்புகளைப் பெரிசு சின்னது என்று வரிசை கட்டினாள். கரண்டி, தட்டு, கரண்டி, தட்டு என்று அடுக்கி, "அடுத்தது என்னம்மா?" என்று கேட்டாள். அப்பன் வசந்த் மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை மடியோரம் உட்கார வைத்துக்கொண்டு போனான். ஜீப் நிறைய ஆள்.

"அப்பா, பின்னாடி மூணு பேரு. கோழி வெச்சிருக்கிற அம்மா கதவோரம் இல்ல, நடுவுலயும் இல்ல. குண்டு மாமா கதவோரம் இல்ல. அப்ப நடுவுல யாரு?"

ஜீப்பே சிரித்தது. "ஏம்ப்பா வசந்து, உம்புள்ள என்னைய இப்படிக் கூண்டுல ஏத்துது?" என்றார் நடுவில் நசுங்கிக்கொண்டிருந்த குண்டு மாமா.

அந்தப் பிள்ளையைத்தான் இப்போது தேடிக்கொண்டிருந்தார்கள்.

*

பால்வாடியைச் சுற்றி நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் வளையம் பூசியது சுகுணாதான். ரைட்டரிடம் கேட்டு வாங்கிய பெயிண்ட். மொத்தம் பன்னிரண்டு மரம். சிவப்பு, சிவப்பு, வெள்ளை. மறுபடியும் சிவப்பு, சிவப்பு, வெள்ளை. ஒரு மரத்தைத் தொட்டு, அடுத்தது என்ன நிறம் என்று கத்திச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த மரத்துக்கு ஓட வேண்டும். சிவப்பு மரத்தடியில் ஒரு பழம் வைக்க வேண்டும். வெள்ளை மரத்தடியில் ஒரு கல். முடித்துவிட்டுப் பாயில் வந்து உட்கார்ந்தால் சுகுணா கேட்பாள்: பழம் எத்தனை போச்சு, கல் எத்தனை போச்சு? எட்டு, நாலு. ஏன் பழம் மட்டும் ஜாஸ்தி?

மற்றவர்கள் விரலை எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஹரிணி சொல்லிவிட்டாள். "சிவப்புக்குக் கூட்டாளி இருக்குது டீச்சர். வெள்ளை மட்டும் தனியா இருக்குது."

இப்போது மேனகா முதல் மரத்தடியில் குனிந்தாள். காலையில் அத்தாயி கூட்டி விட்ட தரை. அதில் ஒரே ஒரு காப்பிப் பழம். இரண்டாவது மரத்தடியில் இன்னொன்று. மூன்றாவதில் ஒரு கல்.

"போயிருக்குது" என்றாள். "இந்த வழியாத்தான் போயிருக்குது!"

பன்னிரண்டாவது மரம் பின்புறத்துக் கம்பி வேலியை ஒட்டி நின்றது. வெள்ளை வளையம். அடியில் கல்.

"இதோட முடிஞ்சுதுங்களே?" என்றார் ரைட்டர். "பன்னண்டு மரந்தானுங்க நீங்க கேட்டது?"

சுகுணா வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாரி வருவதற்காகப் படலைத் திறந்து போட்டிருந்தார்கள். படலுக்கு அந்தப் பக்கம், பனிக்குள் ஒரு மரம். மரத்தில் ஒரு வளையம்.

சிவப்பு.

"அது யாருங்க போட்டது?"

கமலக்கண்ணன் மேட்டுக் காட்டை நிமிர்ந்து பார்த்தார்.

"சார், யாருங்க போட்டது?"

"காண்ட்ராக்ட்டர் ஆளுங்க. முந்தாநாளு. ஏழாம் நம்பர் காட்டுல பழம் முடிஞ்சுதுங்களா, நெழலு ஜாஸ்தின்னு மரத்தக் கொறைக்கிறோம். சிவப்பு போட்டா வெட்டறது. வெள்ளை போட்டா உடறது."

"எந்தக் கணக்குல வெட்டறாங்க?"

"வழக்கமா எஸ்டேட்டுல வெட்டறதுதானுங்க." அவர் குரல் கீழே போய்விட்டது. "ரெண்டு வெட்டு, ஒண்ணு உடு."

சிவப்பு, சிவப்பு, வெள்ளை.

மேனகா படலைத் தாண்டி அந்த மரத்தடியில் விழுந்து தேடினாள். இலைச் சருகின் மேல் ஒரு காப்பிப் பழம் இருந்தது. உதிர்ந்து கிடக்கும் பழம் இல்லை. கையால் வைத்த பழம்.

"எனக்கு ஏனுங்க சொல்லல?" சுகுணா கேட்டாள்.

"பால்வாடிக்கும் மரம் வெட்டறதுக்கும் என்ன சம்பந்தம்னு... அதே டப்பா பெயிண்ட்டுதானுங்க. ஸ்டோர்ல மிச்சம் இருந்துச்சு. நாந்தான் எடுத்துக் குடுத்தேன்."

அப்போதுதான் மூவருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. காலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்த சத்தம். காலையிலிருந்து கேட்டதால்தான் யார் காதிலும் ஏறவில்லை.

மேலே, பனிக்குள், மெஷின் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது.

*

ஓடினார்கள். ஏற்றம். சருகு வழுக்கியது. கமலக்கண்ணன் ஓடிக்கொண்டே போனை எடுத்துப் பார்த்தார். அந்தப் பள்ளத்தில் எந்தக் காலத்தில் டவர் கிடைத்தது? பாக்கெட்டில் போட்டுவிட்டுத் தொண்டையை நம்பினார்.

"ஐயாக்கண்ணு! ஏ ஐயாக்கண்ணு! நிறுத்துப்பா!"

ஐயாக்கண்ணு ரம்பம் பிடிப்பவர். காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் ஓடும் ரம்பத்தைப் பிடித்துக் குனிந்திருக்கும் மனிதருக்குப் பக்கத்தில் நின்று கத்தினாலே கேட்காது.

பழம். பழம். கல். மேனகா குனிந்து பார்த்துக்கொண்டே ஓடினாள். பத்தொன்பதாவது மரம், பழம். இருபது, பழம். இருபத்தொன்று, கல். ஒரு மரம்கூடத் தப்பவில்லை. மகள் நின்று, நிதானமாக, ஒவ்வொன்றாக வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவசரமே இல்லாமல் போயிருக்கிறாள்.

"ஹரிணி! சாமி! அம்மா வாரேன், அங்கயே நில்லு!"

சொன்ன பிறகுதான் பதறினாள். நிற்கக் கூடாது. "ஓடியா சாமி! கீழ ஓடியா!"

இருபத்தேழு. கல்.

ரம்பம் நின்றது.

எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ரம்பம் ஓடுகிற சத்தம் பயம் இல்லை. அது நிற்கும்போதுதான் பயம். வெட்டு முடிந்துவிட்டது, மரம் இனித் தன் பாட்டுக்கு வரும் என்று அர்த்தம்.

"மரம் வருதே... ய்!"

ஐயாக்கண்ணுவின் குரல்தான். எப்போதும் போடும் கூவல். அதற்குப் பின்னாலேயே அவர் குரல் வேறு மாதிரி கிழிந்து வந்தது.

"ஏ புள்ள! எந்திரி! எந்திரிச்சு ஓடு! ஓடு சாமி, ஓடு!"

பட்டென்று ஒன்று முறிந்தது. பனி முழுக்க ஒரு பெரிய மூச்சு விட்டதுபோல் இலைகள் இரைந்தன. காலடியில் பூமி ஒருமுறை குதித்தது.

பிறகு சத்தமே இல்லை.

*

மரத்தின் தலைப்பகுதி முப்பதாவது மரத்தடியை மூடிக் கிடந்தது. ஐம்பது வயது ஐயாக்கண்ணு வெறுங்கையால் கிளைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தார். மேனகா அவரைத் தள்ளிவிட்டு உள்ளே புகுந்தாள். முதலில் தெரிந்தது மஞ்சள் ஸ்வெட்டர். அப்புறம் முகம். கண் மூடியிருந்தது. மூக்கருகே கையை வைத்தாள்.

"மூச்சு இருக்குது! மூச்சு இருக்குதுங்க!"

வலது கால் மட்டும் வெளியே வரவில்லை. தொடை பருமனுள்ள கிளை அதன் மேல் கிடந்தது. மறுபடியும் ரம்பத்தை ஓட்டித்தான் வெட்ட வேண்டியிருந்தது. இரண்டு முறை இழுத்தும் எஞ்சின் பிடிக்கவில்லை. மூன்றாவது இழுப்பில் பிடித்தது. மேனகா மகளின் காதுகளைத் தன் இரண்டு உள்ளங்கையாலும் பொத்திக்கொண்டாள். மயங்கிக் கிடக்கும் பிள்ளைக்குச் சத்தம் கேட்காது என்று அந்த நேரத்தில் யாரும் அவளிடம் சொல்லவில்லை.

சுகுணா துப்பட்டாவைக் கிழித்து முழங்காலுக்கு மேலே இறுக்கிக் கட்டினாள்.

"கத்துனனுங்க" என்றார் ஐயாக்கண்ணு. யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார். "நான் வெட்டுனது மேல் மரத்த. கீழ யாரும் இல்லன்னுதான் வெட்டுனேன். சாயறப்பத்தான் பனி வெலகி மஞ்சளாத் தெரிஞ்சுது. மூணு தடவ கத்துனேன். அது என்னையப் பாத்துச்சுங்க! நல்லாப் பாத்துச்சு. எந்திரிக்கவே இல்ல. ஒத்தக் கைய மட்டும் மேல தூக்குச்சு."

"தூக்கிக்கச் சொல்லி நீட்டியிருக்கும்" என்றார் ரைட்டர். "பயத்துல வெறச்சுப் போச்சு. கொழந்த பாவம், என்ன பண்ணும்?"

சுகுணாவின் கை முடிச்சில் நின்றுவிட்டது. நிமிர்ந்து முப்பதாவது மரத்தைப் பார்த்தாள்.

"இந்த மரத்துல ஏனுங்க சிவப்பு?"

ஐயாக்கண்ணு திருதிருவென்று விழித்தார். "அதுங்களா? அது உள்ள உளுத்த மரமுங்க. உட்டா அதுவா ஒரு நாளு உழுந்துரும்னு, மூணாவதா அதையும் சிவப்புல சேத்துட்டாங்க."

சுகுணா குனிந்து முடிச்சை இறுக்கினாள். என்ன பொம்பளை இவள், இந்த நேரத்தில் மரத்துக்கு நிறம் பார்க்கிறாளே என்று மேனகாவுக்குச் சுருக்கென்றது. அடுத்த நொடியே மறந்தாள். கிளை விலகிவிட்டது.

*

ரைட்டர் மேட்டுக்கு ஓடிப் போன் போட்ட பத்தாவது நிமிடம் வசந்த் ஜீப்போடு வந்து நின்றான். கூட இருந்த ஆட்களை நடுவழியிலேயே இறக்கிவிட்டிருந்தான். மகளைப் பார்த்தான். பெரிய ரோட்டில் சனிக்கிழமைக் காரெல்லாம் ஏறிக்கொண்டிருக்கும் என்று வண்டியைக் குப்பனூர் ரோட்டில் இறக்கினான்.

பின்சீட்டில் மேனகாவின் மடியில் தலை. சுகுணாவின் மடியில் கால். ஒவ்வொரு வளைவிலும் ஹரிணி முனகினாள். முனகல் கேட்காத வளைவில் மேனகாவின் உயிர் போய்ப் போய் வந்தது.

"சாமி, தூங்கக் கூடாது. அம்மாகிட்டப் பேசு. அடுத்தது என்ன, சொல்லு பாக்கலாம்? கரண்டி, தட்டு, கரண்டி... அடுத்தது என்ன?"

உதடு அசைந்ததுபோல் இருந்தது. சத்தம் வரவில்லை.

"டீச்சர்." மேனகா நிமிர்ந்தாள். "ஏனுங்க டீச்சர் அது ஓடல? நாய் வெரட்டுனாக்கூட மொதல்ல ஓடறது இவதான். மாடு தலைய ஆட்டுனாலே ஊட்டுக்குள்ள வந்துருவா. அத்தாம்பெரிய மரம் சாயுது, மனுசன் கத்தறாரு. உக்காந்துட்டே இருந்துதாமே?"

சுகுணா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அழுவாதீங்க டீச்சர்" என்றாள் மேனகா. மகள் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும்போது, அடுத்தவளுக்கு ஆறுதல் சொல்ல எங்கிருந்தோ அவளுக்குத் தெம்பு வந்தது. "உங்க வெளையாட்டுதானுங்க என்ற புள்ளையக் காட்டிக் குடுத்துச்சு. அந்தப் பழமும் கல்லும் இல்லீன்னா நாங்க இன்னேரம் தொட்டியத்தான் கலக்கிட்டு நின்னுருப்போம்."

சுகுணாவின் தோள் குலுங்கியது. திரும்பவேயில்லை.

"பேசாம வா மேனகா" என்றான் வசந்த், கண்ணாடியைப் பார்க்காமலே. "எனக்கு ரோடு தெரிய மாட்டீங்குது."

*

உயிர் பிழைத்தது. கால் பிழைக்கவில்லை.

சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் அதைச் சொன்னபோது ராத்திரி ஆகிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்றார். வசந்த் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் கேட்டான். போட்டுவிட்டு வெளியே போய் ஜீப்பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தவன் விடியும்வரை எழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் வந்தார்கள்.

"மரத்துக்கு வளையம் பூசி வெளையாட்டாம். இப்படி ஒரு பள்ளிக்கோடம் எங்கயாச்சும் உண்டா?" என்றாள் வசந்தின் அக்கா. "அந்த டீச்சர் முடியப் புடிச்சு நாலு இழு இழுத்தாத்தான் எனக்கு ஆறும்."

"அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள் மேனகா.

"நீ ஒருத்தி! அவ உனக்குச் சொக்குப்பொடி போட்டுட்டாளா?"

"புள்ளையத் தேடிக் கண்டுபுடிச்சதே அவங்கதானுங்க நங்கையா. கட்டுப் போட்டதும் அவங்கதான். அந்தக் கட்டு இல்லீன்னா உசிரே தங்கியிருக்காதுன்னு டாக்டரே சொன்னாருங்க."

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எஸ்டேட்டில் பால்வாடியைப் பூட்டிவிட்டார்கள் என்ற சேதியையும் அவள்தான் சொன்னாள். போலீஸ் வந்து விசாரித்ததாம். குழந்தை பயத்தில் உறைந்துபோய் நகராமல் இருந்துவிட்டது என்று ஐயாக்கண்ணு, ரைட்டர் இரண்டு பேருமே எழுதிக் கொடுத்தார்களாம். டீச்சரையும் கேட்டார்களாம். எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை என்று சொன்னாளாம்.

ஆனால் சுகுணா தினமும் வந்தாள். காலை எட்டு மணிக்கு வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்காருவாள். சாயங்காலம் போவாள். உள்ளே மட்டும் வரவில்லை.

"உள்ள வாங்க டீச்சர். முழிச்சா உங்களத்தான் கேக்கும்" என்று மேனகா இரண்டு தடவை கூப்பிட்டாள்.

"இருக்கட்டுமுங்க. அப்புறம் வாரேன்" என்று இரண்டு தடவையும் சொல்லிவிட்டாள்.

மேனகாவுக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் ஒரு கை. பனிக்குள் மேலே தூக்கிய ஒற்றைச் சின்னக் கை. அம்மா தூக்கிக்கொள் என்று கேட்ட கை. தான் அந்த நேரத்தில் மூன்று மரம் கீழே நின்றுகொண்டிருந்தோமே, இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடியிருந்தால், அந்தப் பையை அவிழ்த்து எறிந்திருந்தால், தொட்டியருகே அவ்வளவு நேரம் நிற்காமல் இருந்திருந்தால். அந்தக் கணக்கை அவளால் எந்தப் பக்கமிருந்தும் முடிக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஹரிணி நன்றாகக் கண் விழித்தாள். தண்ணீர் கேட்டாள். பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தார்கள். போர்வைக்குள் என்ன இல்லை என்பது அவளுக்கு இன்னும் தெரியாது. சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை.

"கால் அரிக்குதும்மா."

"செரியாப் போயிரும் சாமி."

"நான் போனதுக்கு அடிப்பியா?"

"அடிக்க மாட்டேன் கண்ணு. ஆரும் அடிக்க மாட்டாங்க."

கொஞ்ச நேரம் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். வாய் கேட்டுவிட்டது.

"ஏஞ்சாமி, அந்தத் தாத்தா அப்படிக் கத்துனாங்களாமே? நீ ஏன் ஓடல? அம்மா தூக்கிக்குவேன்னா கையத் தூக்குன?"

ஹரிணி நெற்றியைச் சுருக்கினாள்.

"தூக்கிக்கறதுக்கு இல்லம்மா."

"பின்ன எதுக்கு?"

"மரத்துல தப்பு இருந்துச்சு. சிவப்பு, சிவப்பு, அப்புறம் மறுக்காவும் சிவப்பு. வெள்ளைதான வரோணும்? நான் கண்டுபுடிச்சுட்டேன்." களைத்த முகத்தில் ஒரு வினாடி பெருமை வந்து போனது.

"செரி கண்ணு. கண்டுபுடிச்சா, ஓடியாந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"ஓடக் கூடாதும்மா." தெரியாதவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லித் தரும் குரல். "அப்படி ஓடுனா மத்தவங்களுக்கு வெடை தெரிஞ்சு போயிரும். தப்பக் கண்டுபுடிச்சா அங்கயே உக்காந்து கையத் தூக்கோணும். ஆரு கத்துனாலும், ஆரு கூப்புட்டாலும் எந்திரிக்கக் கூடாது. டீச்சர் வந்து தொட்டாத்தான் எந்திரிக்கோணும். எந்திரிச்சா அவுட்டு."

மேனகாவின் கை தலைமுடியிலேயே நின்றது. ஹரிணி அவளைத் தாண்டி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேனகா திரும்பினாள். ஹரிணியின் குரல் கேட்டு எழுந்து வந்தவள்போல், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சுகுணா நின்றிருந்தாள்.

"கடேசி வரைக்கும் நான் எந்திரிக்கவே இல்ல டீச்சர்" என்றாள் ஹரிணி. "அப்படித்தான சொன்னீங்க?"

நாலு நாளாக வசந்திடமும் போலீஸிடமும் ஜீப்பில் கதறிய தாயிடமும் வாய் திறக்காத சுகுணா, ஒரு அடி உள்ளே எடுத்து வைத்தாள்.

"ஆமா கண்ணு" என்றாள். "நான் அப்படித்தான் சொல்லிக் குடுத்தேன்."